தள்ளுபடியான கேஸ்

எங்கள் தெருவில் கேஸ் என்றால் இரண்டு அர்த்தம்தான். ஒன்று அடுப்புக்கு வருகிற சிலிண்டர். இன்னொன்று ஸ்டேஷன், கோர்ட்டு, வக்கீல் என்று ஆளை அலைக்கழிப்பது. மூன்றாவதாக ஒன்று இருப்பது, புதுவாயலைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் மேலாண்மைக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அங்கே கேஸ் என்றால், ஒரு கம்பெனியில் நடந்ததைக் கதைபோல எழுதி, முடிவை மட்டும் எழுதாமல் விட்டுவிடுவது. வகுப்பில் இருப்பவர்கள் பேசிப் பேசி அந்த முடிவுக்கு வர வேண்டும்.

எனக்கு அங்கே பேசுகிற வேலை கிடையாது. கம்பெனி மேனேஜர்களுக்கு மூன்று நாள், ஐந்து நாள் என்று நடக்கும் பயிற்சிகளுக்கு வேண்டியதைத் தயார் செய்து வைப்பேன். பெயர் அட்டைகளை அச்சடித்து மடிப்பது, கேஸ்களை நகலெடுத்து ஃபைலில் போடுவது, மைக்குக்கு பேட்டரி மாற்றுவது. வகுப்பு தொடங்கியதும் கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், யாராவது எதையாவது கேட்டால் எடுத்துக் கொடுக்க. நகலெடுக்கும்போதே கேஸைப் படித்துவிடுவது என் பழக்கம். அதனால் பேராசிரியர் கேள்வியைப் போட்டதும் பதில் என் வாய்க்குள் வந்து நிற்கும். சில சமயம் வலது கை தானாக ஒரு சாண் எழும்பிவிடும். தலையைச் சொறிவதுபோல் பாவனை செய்து இறக்கிக்கொள்வேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அந்த அறையில் கையைத் தூக்கிப் பேசுகிறவனாக ஆக வேண்டும் என்ற ஆசை எனக்குப் பசி மாதிரி வேளை தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அதற்கு ஒரு வழி திறந்தது. கல்லூரியில் ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தார், பாலக்காட்டுக்காரர்; நான் அவரை மேடம் என்பேன். கும்மிடிப்பூண்டி பக்கத்துத் தொழிற்சாலைகளில் காண்ட்ராக்ட் ஆட்கள் ஏன் நிலையாக நிற்பதில்லை என்பது அவருடைய ஆராய்ச்சி. அவருக்குத் தமிழ் தெரியும். எங்கள் பேச்சுதான் பிடிபடவில்லை. 'கீறேன்', 'வந்துக்கினு' என்று யாராவது சொன்னால் என் முகத்தைப் பார்ப்பார். ஆகவே சனி ஞாயிறுகளில் அவரோடு நான் போனேன். தொழிலாளர்கள் தங்கும் பல அறைகளில் பலரைக் கேட்ட பிறகு, ஒருநாள் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஊத்துக்கோட்டை பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், பிறகு இங்கே வந்து ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் காண்ட்ராக்ட்டில் சேர்ந்தவர். ஏன் உங்களைப் போன்றவர்கள் வேலையை விட்டுப் போகிறீர்கள் என்று மேடம் கேட்டார். நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் எங்கமா போனேன்? அதே கேட்டு, அதே மெஷினு. வருசம் முடியறதுக்குள்ள பழைய கார்ட வாங்கிக்கினு புது நம்பர்ல வேற கார்டு குடுப்பான் காண்ட்ராக்டரு. பன்னெண்டு வருசமா நான் புது ஆளாவே கீறேன்."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் பேசினார். போகாத மனிதர்களைப் போனவர்களாக எழுதி வைத்துக்கொண்டு, ஏன் போகிறார்கள் என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே என்றார். முன்னதாக நைனாவிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தோம். பெயர் வெளியே வராது, வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் சொன்னதைத் திரும்பப் பெறலாம் என்று நான்தான் படித்துக் காட்டினேன். அவர் பாதி கேட்டார். நீ சொன்னால் சரி என்று பேனாவை வாங்கி, தாள் கிழிந்துவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு அழுத்திப் போட்டார்.

துறைப் பேராசிரியருக்கு நைனாவின் பேட்டி மிகவும் பிடித்துப்போனது. மனிதவள மேனேஜர்களுக்கான பயிற்சியின் கடைசி நாளன்று ஆராய்ச்சிக் கருத்தரங்கும் வைத்திருந்தார்கள். மேடம் கட்டுரை படிக்கும்போது இந்தப் பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் நான் பேச வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். இந்த வழியிலேயே ஆராய்ச்சியைத் தொடரப் போகிறோம், அதற்கு ஓர் உதவியாளர் பணி வரும், அது உனக்கு என்றும் சொன்னார். அந்த வாரம் நான் நடந்தேனா மிதந்தேனா என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். வெள்ளிக்கிழமை நம்ம கேஸ் வருது, நைனா சொன்னதுதான் அதில் முக்கியம், நான்தான் பேசப்போறேன் என்றேன். நைனாவின் கை சோற்றிலேயே நின்றது. கம்பெனிக்காரர்கள் வருவார்களா என்று மட்டும் கேட்டார். எல்லாக் கம்பெனியிலிருந்தும் வருகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா அவரைப் பார்த்து, "இன்னாத்துக்கு கையெழுத்து போட்ட நீ?" என்றாள். அதையும் நான் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். கல்லூரியிலேயே கிடந்து கிடந்து, எங்கள் தெருவின் அர்த்தம் எனக்கு மறந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை என் முறை வந்தது. மைக் முன்னால் நின்று இங்கிலீஷில் இரண்டு வரிதான் சொல்லியிருப்பேன். கதவோரம் யாரோ எழுந்து நிற்பது தெரிந்தது. வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் கவரில் ஆதார் கார்டு. என்னைப் பார்க்க வந்ததாகச் சொல்லி வாட்ச்மேனிடம் அனுமதி வாங்கி, என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். கையைக் கூப்பிக்கொண்டு, பேராசிரியரைப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, எம்புள்ள மேல ஒண்ணும் தப்பு இல்லிங்க. நான்தான் வாய் கொழுத்துச் சொல்லிட்டேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன். சொன்னத எல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன். அவன உட்டுடுங்க."

பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். தமிழ் தெரிந்த மேனேஜர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் தங்கள் ஃபைலைப் பார்த்தார்கள். அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும் நான் சொன்னது வேறு. இவர் என் அப்பா, தன் பேச்சுக்கு இப்படி ஓர் இடம் கொடுத்ததற்கு உங்களுக்கெல்லாம் நன்றி சொல்கிறார் என்று நல்ல இங்கிலீஷில் சொன்னேன். பேராசிரியர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள், அந்த ஏழெட்டுப் பேரும் சேர்த்து. மிச்ச நிமிடங்களை எப்படிப் பேசி முடித்தேன் என்று நினைவில்லை.

வெளியே டீ மேஜைக்குப் பக்கத்தில் நைனா என் கையைப் பிடித்தார்.

"தள்ளிட்டாங்களா?"

"தள்ளிட்டாங்க நைனா."

அவருடைய தோள் இறங்கியதைப் பார்த்தேன். சுற்றிலும் நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். "திருவள்ளூர் கோர்ட்டுல ஃபேனே ஓடாது. இங்க ஏசி போட்டு வச்சிக்கீறாங்க" என்றார். டீயைக் குடித்துவிட்டு, ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அவர் போன பிறகு மேடம் வந்தார். மேடம் மட்டும் கை தட்டவில்லை என்பதை மேடையிலிருந்தே கவனித்திருந்தேன்.

"அவர் நன்றி சொன்னதுபோல எனக்குக் கேட்கவில்லையே" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், அவர் விட்டிருக்கக்கூடும். ஆனால் அந்தத் தாளைப் படித்துக் காட்டியவன் நான். திரும்பப் பெறுகிறேன் என்று உன் அப்பா தன் வாயால் சொல்லிவிட்டார், இனி ஒரு வரிகூட நம்முடையது கிடையாது என்றார் மேடம். பிறகு பையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். கேஸ் என்றால் என்ன என்று அவருக்குப் பொறுமையாகச் சொல், புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்ளலாம், கட்டுரையை இதழுக்கு அனுப்ப மாதக் கடைசி வரை நேரமிருக்கிறது என்றார். போடாவிட்டால் அந்தப் பகுதி போகும், அதை நம்பி வரவிருந்த பணியும் போகும். அதை அவர் சொல்லவில்லை; இருவருக்கும் தெரியும்.

படிவம் என் பையிலேயே இருந்தது. காலையில் நைனாவும் நானும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் போவோம். இரண்டாவது நாளே ஆட்டோவில் எனக்குப் பேர் மாறிவிட்டது. "வக்கீலு, கொஞ்சம் தள்ளி குந்து" என்றார் நைனாவோடு வேலை செய்கிற ஒருவர். நைனாவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அத்தினி கோட்டு போட்டவனுங்க. எம்புள்ள எழுந்து இங்கிலீசுல ரெண்டு வார்த்த பேசினான். எல்லாரும் கை தட்டி கேஸ தள்ளிட்டாங்க."

அப்படியானால் நம் கார்டு விஷயத்தையும் இவன் பேசலாமே என்று ஒருவர் கேட்டார். நைனா சட்டென்று, அதெல்லாம் வேண்டாம், முடிந்தது முடிந்ததாகவே இருக்கட்டும் என்றார். சிரிப்பு ஒரு கணம் நின்று மறுபடி வந்தது. அந்தக் கணத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தைரியம் இன்னும் குறைந்தது. சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும். அது கோர்ட்டு கிடையாது, யாரும் எதையும் தள்ளவில்லை, நீங்கள் எனக்காக மன்றாடியதை நான் நன்றி என்று மாற்றிச் சொன்னேன், அதற்குத்தான் கை தட்டினார்கள். இதில் எதை விட்டாலும் அந்தக் கையெழுத்து பழைய கையெழுத்து மாதிரிதான் ஆகும்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, கிணற்றடியில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நைனா, அந்தக் கேஸு..."

துணி கையிலேயே நின்றது. "திரும்ப எடுத்துட்டாங்களா?"

முகத்தைப் பார்த்தேன். அன்று சோற்றின்மேல் குனிந்திருந்ததால் நான் பார்க்காமல் விட்ட முகம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

"இல்ல நைனா. முடிஞ்சி போச்சி. பேப்பர மூடிட்டாங்களாம்."

அவர் தலையாட்டிவிட்டு ரிம்மைத் துடைக்கத் தொடங்கினார். நான் அங்கேயே இருந்து மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது. கட்டுரை அந்தப் பகுதி இல்லாமல் போய்ச் சேர்ந்தது. உதவியாளர் பணிக்கான அறிவிப்பு பிறகு வரவே இல்லை.

எனக்கு அந்த ஐந்து நிமிடம் மறுபடி வேண்டும். பணிக்காகவும்தான்; அந்த ஆசை குறையவில்லை என்பதை மறைக்கத் தெரியவில்லை. பேராசிரியர் திரும்பி என்ன சொல்கிறார் என்று கேட்பார். நைனா கைகூப்பி நிற்பார். நான் அவருடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் வரிசை மாறாமல் இங்கிலீஷில் சொல்வேன். யார் கை தட்டுவார்கள், யார் தட்டமாட்டார்கள் என்று தெரியாது. இப்போதெல்லாம் ஆட்டோவில் போகும்போது அந்த இங்கிலீஷைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். 'அவன உட்டுடுங்க' என்பதற்கு மட்டும் இன்னும் சரியான வார்த்தை கிடைக்கவில்லை.