தனபால் கரைசலில் நான் போட்ட சோப்புத்தூள்

“தனபால் மாமா போயிட்டாராம் அத்த” என்று மருமகள் வந்து சொன்னபோது, “யாரு பாத்தது?” என்றுதான் கேட்டேன். அவன் சம்பந்தப்பட்ட எதையும் கண்ணால் பார்க்காமல் நான் நம்பியதில்லை. போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவன். என் கொய்யாத் தோப்புக்கு அடுத்தது அவன் தோப்பு. அவன் அப்பா வேலியை ஒரு முழம் என் பக்கம் தள்ளிப் போட்டதை நான் மறக்கவில்லை.

என் மரங்களில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பிப் பிஞ்செல்லாம் உதிர்ந்த வருஷம், அவன் மரங்கள் மட்டும் பளிச்சென்று நின்றன. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டிய கரைசல்தான் என்றான். வெயில் இறங்கிய பிறகே அடிப்பான். கடைமருந்தைக் கலக்குகிறான், யாரும் பார்த்துவிடக் கூடாதென்றுதான் அந்த நேரம் என்று நினைத்தேன்.

ஒருநாள், மூடி கோணிப்போன பீங்கான் ஜாடியில் கரைசலை வேலிக்கு மேலாக நீட்டினான்.

“ஒண்ணுக்கு ஒம்போது தண்ணி ஊத்துங்கக்கா. காதி சோப்பு கொஞ்சூண்டு கரைச்சி விடுங்க, எலையில ஒட்டும். வெயில் தாழ அடிங்க.”

“எதடா ஒளிச்சி வெச்சிருக்க?”

“ஒங்ககிட்ட ஒளிக்க முடியுமா? எங்கப்பா நட்ட முள்ளையே இன்னும் எண்ணிக்கிட்டிருக்கீங்க!”

கொஞ்சூண்டு என்றதில்தான் சூது என்று முடிவுகட்டினேன். துணி துவைக்கும் தூளை இரண்டு கை அள்ளிப் போட்டு, உச்சிவெயிலில் அடித்தேன். மூன்றாம் நாள் இலையெல்லாம் தீய்ந்து சுருண்டது. “எந்தோப்ப கொளுத்திட்டான்” என்று தெருவில் நின்று கத்தினேன். மங்கலம்பேட்டையிலிருந்து அவனிடம் கரைசல் கேட்டு வந்தவர்கள்கூட அதோடு நின்றுபோனார்கள்.

அவன் வந்து என் பக்கெட்டைப் பார்த்தான். அடியில் நீலத்தூள் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தான். “மரம் சாவாதுக்கா, தழையும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

தழைத்தது. தூளைப் பற்றி அவன் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. என்றைக்கு அதை எடுத்து என் முகத்தில் வீசப்போகிறான் என்று வருஷக்கணக்கில் அவனையே கவனித்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை வீசவில்லை.

அதனால் அவனை அறிந்தவர்களுக்கு நானே சொல்கிறேன்: அவன் கரைசலில் ஒரு குற்றமும் இல்லை. இலையைத் தீய்த்தது நான் போட்ட தூள். வேலி விஷயம் வேறு, அதை விடுவதாக இல்லை.

கோணல் மூடி ஜாடி என்னிடம்தான் இருக்கிறது. காரியம் முடிந்த மறுநாள் அதில் வேப்பங்கொட்டை ஊறவைத்தேன். காதி சோப்பு கொஞ்சூண்டு போட்டு, வெயில் தாழ, முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தேன். நான்காம் நாள் தோப்பு முழுக்க அடித்தேன், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அவன் மரங்களுக்கும் சேர்த்து.