அச்சில் ஒட்டிய எண்கள்

தங்கை வென்றவற்றை அக்கா விரல் மடக்கிச் சொல்வாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தொண்ணூற்றொரு மதிப்பெண். ஒரு கண் சரியாகத் தெரியாமலே கணினி நிரல் எழுதக் கற்றது. குடிநீர் ஆலையின் பரிசோதனை அறையில், ஏழு ஆண்களுக்கு நடுவே ஒரு நாற்காலி. அதன் கால் ஒன்று ஆடும். அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தவளும் அவள்தான். வெல்லாதது ஒன்று உண்டு. மாதந்தோறும் தண்ணீரின் கலங்கலை வரைபடமாக்குவது அவள். ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவது நிபுணர்.

நிபுணர் என்பது மேலாளர் சூட்டிய பெயர். அக்காவுக்கு அவர் ‘இஸ்திரி’. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மூளையும் அப்படித்தான், தேய்த்து மடித்து வைத்தது, இன்னும் பிரிக்கவில்லை.

அந்த மாதம் கலங்கல் 5.6. அனுமதி ஐந்து. தாண்டினால் வடிகட்டியை மாற்றியாக வேண்டும். ஊரே குடிக்கிற தண்ணீர். தங்கை இடப்பக்க அச்சில் ஒன்று முதல் ஆறு வரை எண்ணுக்கு எண் குறி வைத்து, குறிக்குக் குறி மெல்லிய சாம்பல் கோடு ஓடவிட்டு, ஐந்தில் சிவப்புக் கோடு இழுத்திருந்தாள்.

“என்னம்மா இது, கொசுவலை மாதிரி?” என்றார் மேலாளர். “நிபுணர்கிட்ட குடு. அழகு பண்ணுவார்.”

இஸ்திரி அழகு பண்ணினார். சாம்பல் கோடுகளைத் துடைத்தார். சிவப்பு கண்ணை உறுத்துகிறதென்று அதையும் எடுத்தார். எண்கள் பெரிதாகத் தெரியட்டும் என்று பூஜ்யம் முதல் ஐந்து வரை தாமே தட்டினார். எந்த எண் எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. அச்சு என்றால் பூஜ்யத்தில்தான் தொடங்கும் என்பது அன்னாரின் ஞானம். கணினி சொன்னதைச் செய்யும் சாது. ஒன்றின் இடத்தில் பூஜ்யத்தையும், இரண்டின் இடத்தில் ஒன்றையும் வரிசையாக ஒட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. 5.6 இருந்த புள்ளி இப்போது 4.6 என்றது.

கூட்டத்தன்று அக்காவும் அந்த அறையில்தான் இருந்தாள். அவள் தையல்காரி; ஜன்னல் திரைகளைத் தைத்து வந்து, ஸ்டூல்மேல் ஏறிக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். மேலிருந்து பார்த்தால் இஸ்திரியின் வகிடுகூட அளவெடுத்த மாதிரி நேராகத்தான் இருந்தது.

“அஞ்சுக்குள்ளதான் இருக்கு. வடிகட்டி மாத்த வேண்டாம்,” என்று மேலாளர் சொல்ல, ஏழு பேரும் கைதட்டினார்கள்.

தங்கை எழுந்தாள். “சார், சோதனைத் தாள்ல அஞ்சு புள்ளி ஆறு.”

“படம் பொய் சொல்லுமா?” என்றார் இஸ்திரி.

“ஒரு கோடு போட்டுப் பாக்கலாம் சார்.” மேசைக் கணினியில் ஒரே வரி தட்டினாள்: ஐந்தில் சிவப்புக் கோடு. அது சுவர்த் திரையில் நான்கு என்ற எண்ணுக்கு நேராகப் போய் நின்றது.

“அனுமதி எப்ப சார் நாலாச்சு?”

ஸ்டூலிலிருந்து ஒரு குரல் வந்தது. “டேப்புல வேற நம்பர் ஒட்டினா இடுப்பு குறைஞ்சிடுமா?”

“யாரும்மா நீ?” என்றார் மேலாளர்.

“ஜன்னல் திரை.”

“அக்கா, கொக்கியைப் பாரு. விழுந்து வைக்காத,” என்றாள் தங்கை, திரும்பாமலே.

வடிகட்டியை மாற்ற உத்தரவு எழுத வேண்டியதாயிற்று. அதோடு இணைக்க, தங்கை பழைய படத்தையே குறியும் கோடுமாக அச்செடுத்தாள். இஸ்திரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். “கொசுவலையில எல்லாம் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“நீயே போடும்மா,” என்றார் மேலாளர். “தப்புன்னா உன் தலைதான் உருளும்.”

வேலைக்கே உலை வைக்கும் பேச்சு அது. தங்கை 5.6-ஐ இன்னொரு முறை தாளோடு ஒப்பிட்டாள். பிறகு, ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில், கோட்டை விட்டு ஓர் எழுத்தும் இறங்காமல் தன் பெயரை எழுதினாள். கீழே தேதி: 17 மார்ச் 2015, செவ்வாய்க்கிழமை.