வெட்டி எறிந்த கிளி

ஓர் ஆண்டுக்கு மேல் நான் ஒரு பொய்யில் பிழைத்தேன். தென்காசியில் கல்யாணப் பந்தலுக்குக் காகித வேலைப்பாடு என்றால் நான்தான் என்று பெயர். வெட்டியவள் என் தங்கை. நான் செய்ததெல்லாம் சுமந்துபோய் ஒட்டியதும், தாம்பூலம் வாங்கிக்கொண்டதும், பாராட்டு வந்தபோது அடக்கமாகத் தலை குனிந்ததும்தான். அந்த அடக்கம் மட்டும் என் சொந்தக் கைவேலை.

தங்கை இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்து எங்களிடம் திரும்பி வந்தவள். கல்யாண வீட்டில் அவள் முன்கட்டுக்கு வரக்கூடாது. அவள் கைபட்ட பொருளும் வரக்கூடாது. ஆகவே என் கை. இதற்குப் பெருந்தன்மை என்று நானே பெயரிட்டிருந்தேன். நிறையப் படித்தவனுக்குப் பெயரிடுவது சுலபம்.

யாராவது வெட்டிக் காட்டச் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் அவளிடம் கற்க உட்கார்ந்தேன். சிவப்புத் தாளில் கிளி வரைந்து, சுற்றிலும் நறுக்கி, கிளியைப் பத்திரமாக எடுத்து நீட்டினேன்.

"இத வச்சி என்ன செய்ய? கிளிய எறி, மிச்சத்தத் தா" என்றாள்.

தாளுக்குப் பின்னால் காஸ்லைட் எரியும். வெட்டிய ஓட்டையில்தான் வெளிச்சம் வரும், ஓட்டைதான் கிளி. ஆனால் அதற்குக் கண்ணும் இறகும் வேண்டுமே? அவை தாளாகவே நிற்க வேண்டும், ஒரு நூலளவு தாளால் கரையைப் பிடித்துக்கொண்டு. "விட்டுவைக்கது எல்லாத்துக்கும் ஒரு பிடி வேணும் அண்ணே." நான் வெட்டியவற்றுக்குப் பிடி நின்றதில்லை. எங்கள் வீடு முழுக்கக் கிளிக் கண்கள் உதிர்ந்து கிடந்தன.

இலஞ்சியில் மாமா மகள் கல்யாணம். பந்தல் முழுக்கத் தங்கையின் வேலை. அவள் பின்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனி மாதம். பிற்பகல் சாரலில் முகப்புத் தாள் நனைந்து, சாயம் ஒழுகிக் கிழிந்தது. பொழுது சாய மாப்பிள்ளை வீட்டார் சுரண்டையிலிருந்து வந்துவிடுவார்கள்.

"சுரண்டையில வண்டி கட்டி நேரமாச்சு. என்னவே பாத்துட்டு நிக்கீரு? வெட்டும்!" என்றார் மாமா.

இருபது பேர் சுற்றி நிற்க வெட்டினேன். முதலில் கண் விழுந்தது. பிறகு இறகு.

"கிளியா இது? பூசணிக்காய்லா!" என்றார் பந்தல்காரர்.

"மாமா, நான் ஒரு நாளும் வெட்டினதில்ல. எல்லாம் தங்கச்சி வெட்டுனது" என்றேன்.

மாமா முகம் கறுத்தது. "அறுத்தவ கையா எம் பந்தல்ல? ஏலே, அவுத்துப் போடுங்கலே அம்புட்டையும்!"

அதுவரை என்னிடம் இருப்பதாக நானே அறியாத ஒரு குரல் கிளம்பியது. "அவுத்துப் போடும்! தோரணம் அவ கை. தூண்ல சுத்துன பூ அவ கை. மணவடைக்கு மேல தொங்குத தாமரையும் அவ கைதான். அவுத்துட்டு மாப்பிள்ள வீட்டுக்கு வெறும் மூங்கிலக் காட்டும். இல்லன்னா அவள இங்கன கூப்பிடும்!"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த தங்கை, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பந்தலின் நட்டநடுவில் சம்மணமிட்டாள். "கத்திரியத் தாங்க" என்றாள். யாரும் அசையவில்லை. பெண்ணைப் பெற்ற அத்தைதான் என் கையிலிருந்த கத்திரியை வாங்கி, உள்ளே போய்ப் புதுத்தாளும் எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள்.

மாமா ஏதோ சொல்ல வாய் திறந்தபோது, தூரத்தில் வயல்களுக்கு அப்பால் வண்டிமாட்டு மணி கேட்டது. மூடிக்கொண்டார்.

விளக்கு ஏற்றியபோது நான்கு கிளிகள், கண்ணோடும் இறகோடும். தங்கை பின்கட்டுக்குத் திரும்பவில்லை. கிளிகளுக்கு நேர் கீழே, முன்வரிசையில் உட்கார்ந்து மாப்பிள்ளை உள்ளே நுழைவதைப் பார்த்தாள். எழுந்து போகச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் காலை வண்டியில் தென்காசி திரும்பும்போது, நேற்று நான் பேசியதை அவளுக்கு இரண்டாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், சற்றே மெருகேற்றி. அவள் முழுதும் கேட்டாள்.

"எல்லாம் சரி அண்ணே. அந்த றெக்க விழாம இருந்திருந்தா சொல்லியிருப்பியா?"