தட்டை மறித்த கைகள்

1. லேத் மெசினில் இருந்து பட்லர் வேலைக்கு

ஜேர்மனியில், பீலெஃபெல்டில் நான் முப்பது வருடம் லேத் மெசினில் நின்ற தொழிற்சாலையை மூடியபோது எனக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்த வயதில் வேலை கேட்டுப் போகிறவனை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்த ஒரு பெண்தான், ஊருக்குள் புதிதாகத் திறக்க இருந்த "பாரம்பரிய ஆங்கிலேயத் தேநீர் அறை"க்கு என்னை அனுப்பினாள்.

கடை முதலாளி ஃப்ராவ் ஹோல்ஷர் அதுவரை பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தவர். தாய் விட்டுப்போன வீட்டை விற்று இந்தக் கடையைத் தொடங்கியிருந்தார். இங்கிலாந்துக்கு இரண்டு தடவை விடுமுறையில் போய்வந்ததால் வந்த வினை. முதல்நாளே எனக்குக் கறுப்பு வேஸ்ட்கோட்டும் வெள்ளைக் கையுறையும் மாட்டிவிட்டார். அவர் பேசியது ஜேர்மன்தான், அதில் ஹெர் என்றால் ஐயா, ஃப்ராவ் என்றால் அம்மா. நான் வீட்டுக்குப் போய் எங்கள் தமிழில் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

"ஹெர் நாதன், இண்டையில இருந்து நீங்கள் பட்லர்."

"நான் லேத் மெசின்காரன்."

"ஒண்டும் பெரிய வித்தியாசம் இல்லை. நிமிர்ந்து நிக்கோணும், அவ்வளவுதான். இன்னொண்டு, இஞ்ச வாறவையைக் கஸ்ரமர் எண்டு நினைக்காதேங்கோ. வீட்டுக்கு வந்த விருந்தாளியள் எண்டு நினைச்சுப் பரிமாறுங்கோ."

இந்தக் கடைசி வசனத்தை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

ஆறு மாதம் புரோபெட்சைட், அதாவது வேலைக்கு வைத்துப் பார்க்கும் காலம். கடை நிமிர்ந்தால் எனக்கு நிரந்தர வேலை. கடை படுத்தால் நான் திரும்பவும் அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். ஃப்ராவ் ஹோல்ஷருக்கோ போய் உட்கார ஒரு வீடுகூட மிஞ்சாது.

2. வந்தவர்கள் சொன்னவை

பின்னேரத்தில் கோப்பியும் கேக்கும் இல்லாவிட்டால் இந்த ஊர்ச் சனத்துக்குப் பொழுது போகாது. எங்கள் கடையிலோ கோப்பி கிடையாது. "கோப்பி இல்லாமல் கேக் மட்டும் விக்கிறதுக்குச் சட்டத்தில இடம் இருக்கோ?" என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். இன்னொரு பெண் கைப்பையில் பிளாஸ்க் கொண்டுவந்து, மேசைக்குக் கீழே குனிந்து, எங்கள் பூப்போட்ட கோப்பையில் தன் கோப்பியை ஊற்றினாள். ஃப்ராவ் ஹோல்ஷர் அதைக் கண்டுவிட்டுக் சமையல் நடக்கும் குசினிக்குள் போய் அழுதார்.

வெள்ளரிக்காய் சான்ட்விச்சைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் ஒரு கிழவர். "இது பாண் இல்லை. பாண் சுத்துற கடதாசி. அதிலயும் கரையை வெட்டிப்போட்டியள். அந்தக் கரை எங்க? அதுக்கும் சேர்த்துத்தானே நான் காசு குடுக்கிறன்?" நான் உள்ளே போய்க் கரைகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

என்னைப் பற்றியும் அபிப்பிராயம் இருந்தது. "நீங்கள் இங்கிலாந்தில எந்தப் பக்கம்?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"யாழ்ப்பாணம்."

"அது வடக்கோ?"

"ஓம், வடக்குத்தான்."

"நினைச்சனான்," என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

ஆனால் ஒருதரம் வந்தவர் மறுதரம் வரவில்லை. ஃப்ராவ் ஹோல்ஷர் ஜன்னலடியில் நின்று தெருவைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

3. ஹெர் புரொக்மான் வந்த நாள்

அந்த நேரத்தில்தான் உள்ளூர்ப் பத்திரிகையில் உணவகங்களைப் பற்றி எழுதும் ஹெர் புரொக்மான் மனைவியோடு வந்தார். பெரிய உருவம். அவர் நல்லதாக நாலு வரி எழுதினால் நாங்கள் தப்பினோம், இல்லாவிட்டால் பூட்ட வேண்டியதுதான் என்று ஃப்ராவ் ஹோல்ஷர் என் காதுக்குள் சொன்னார்.

மூன்றடுக்குத் தட்டு வைத்தேன். கீழே சான்ட்விச், நடுவில் ஸ்கோன் என்ற குட்டி பன், மேலே கேக். அவர் எல்லாவற்றையும் முடித்தார். தட்டு வெறுமையாக இருந்தது. நான் நிரப்பினேன்.

முப்பது வருடம் ஜேர்மன்காரரோடு வேலை செய்தும் ஒருவருக்கும் நான் சாப்பாடு போட்டதில்லை. கன்டீனில் அவரவர் தட்டு அவரவருக்கு. விருந்தாளி என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுப் பழக்கம் மட்டும்தான். தட்டு வெறுமையாக இருந்தால் அவருக்கு இன்னும் பசி. கேட்டுப் போடுவது மரியாதை இல்லை, கேட்காமல் போட வேண்டும்.

ஹெர் புரொக்மானுக்குத் தெரிந்ததோ வேறு. இங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள், தட்டைத் துடைத்துச் சாப்பிட்டால் நாளைக்கு வெயில் எறிக்கும் என்று. அந்த மனிதர் அறுபது வயதிலும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. நான் போட்டதை முடித்தார். நான் திரும்பவும் போட்டேன். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். நான் சிரித்தேன். அவர் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார்.

"விடுங்கோ ஹான்ஸ்," என்றார் மனைவி.

"மேசையில மிச்சம் விட்டிட்டு எழும்ப எனக்கு ஏலாது," என்றார் அவர்.

ஃப்ராவ் ஹோல்ஷர் என்னைக் குசினிக்குள் இழுத்தார். "என்ன செய்யிறியள் ஹெர் நாதன்? அந்தாள் ஒரு தட்டுக்குத்தான் காசு குடுக்கும்!"

"விருந்தாளி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். வெறுந்தட்டோட ஒரு மனுசன் இருக்கேக்க நான் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறதோ?"

கடையில் இருந்ததெல்லாம் முடிந்தது. அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி பவானி எனக்குக் கட்டித்தந்த றொட்டியையும் உறைப்புச் சம்பலையும் வெள்ளித் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். எந்த ஊர் றொட்டி என்று கேட்டார், வடக்கு என்றேன், வியர்த்து வழிய அதையும் முடித்தார். அவருடைய மனைவியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அவரை வாசல்வரை கொண்டுபோனோம்.

இரண்டு நாளில் பத்திரிகை வந்தது. ஆங்கிலேய விருந்தோம்பல் ஒருவகை யுத்தம் என்றும், பட்லர் ஈவிரக்கம் இல்லாதவர் என்றும், வடக்கு இங்கிலாந்தின் உறைப்பு றொட்டி மறக்க முடியாதது என்றும் எழுதியிருந்தார். மறுநாள் நல்ல வெயிலாம், எழும்பிப் பார்க்கத்தான் முடியவில்லையாம்.

4. கடை நிரம்பிய கஷ்டம்

அடுத்த கிழமை வாசலில் வரிசை. படகோட்டும் கழகம் வந்தது. தீயணைப்புப் படை வந்தது. எல்லாரும் பட்லரைத் தோற்கடிக்க வந்தவர்கள். ஒரே விலையில் ஒருவர் மூவரின் சாப்பாட்டைச் சாப்பிட்டால் எந்தக் கடை தாங்கும்? ஃப்ராவ் ஹோல்ஷருக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஆள் இல்லாமலும் பூட்டப் பார்த்தன், இப்ப ஆள் கூடியும் பூட்டப் போறன். தயவுசெய்து நிப்பாட்டுங்கோ."

நான் முயன்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் கரண்டி காலித்தட்டில் தட்டுப்படும் சத்தம் கேட்டால் என் கை தன்பாட்டில் போய்விடும். போடாமல் விட்டால் அவர்களும் கோபித்தார்கள். "பேப்பரில அப்பிடி இல்லையே," என்றார்கள்.

வீட்டில் நான் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்து பவானி என்ன என்று கேட்டாள். சொன்னேன். எரிந்து விழுந்தாள்.

"உங்களுக்கு மண்டையில ஒண்டும் இல்லையோ? எங்கட ஆக்கள் எப்பிடி நிப்பாட்டுறவை? தட்டுக்கு மேல கையை விரிச்சு, காணும் காணும் எண்டு மறிப்பினம். அது அந்தச் சனத்துக்குத் தெரியாதெல்லே? மறிக்கவும் தெரியாது, மிச்சம் விடவும் ஏலாது. வேற என்ன செய்யுங்கள் பாவங்கள்?"

அடுத்த நாளிலிருந்து தட்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு மேசையிலும் செய்து காட்டினேன். வலது கை, விரல்கள் விரிந்து, தட்டுக்கு மேலே. வாயால் "காணும்", போதும் என்று அர்த்தம். ஒழுங்குவிதி என்று ஒன்று சொல்லிவிட்டால் இந்த நாட்டில் பிறகு நாங்கள் கவனிக்கத் தேவையில்லை. இடது கையை வைத்தவரைப் பக்கத்து மேசைக்காரர் திருத்தினார். ஹெர் புரொக்மான் திரும்ப வந்தார். முதல் தட்டு முடிந்ததும் கையை வைத்து "காணும்" என்றபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. கோப்பி கேட்பதைக்கூடச் சனம் விட்டுவிட்டது.

5. உண்மையான ஆங்கிலேயப் பெண்

அந்தப் பக்கத்தில் ஒருகாலம் இங்கிலாந்துப் படை முகாம் இருந்தது. படைவீரர் ஒருவரைக் கட்டி வந்து, இங்கேயே தங்கிவிட்ட மிஸஸ் பெல்லமி என்ற வயதான பெண் ஒருநாள் உள்ளே வந்தார். ஃப்ராவ் ஹோல்ஷர் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சுது, ஹெர் நாதன். இவ ஒரு சொல்லுச் சொன்னால் நாங்கள் ஏமாத்துக்காரர்."

மிஸஸ் பெல்லமி தேநீரை உறிஞ்சிக்கொண்டே சுற்றிப் பார்த்தார். மேசைக்கு மேசை ஆட்கள் கையை விரித்துக் "காணும்" சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டார். "இவை என்ன செய்யினம்?"

நான் கேட்காமலே அவருடைய கோப்பையில் தேநீர் ஊற்றத் தொடங்கினேன். அதற்குள் ஹெர் புரொக்மான் தன் மேசையிலிருந்து திரும்பினார். "உங்கட நாட்டுப் பழக்கம்தானே அம்மா. கனகாலம் இஞ்ச இருந்ததில மறந்திட்டியள் போல."

அந்தப் பெண் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

"ஓம்," என்றார் மெதுவாக. "என்ர மாமி ஒராள் இப்பிடித்தான் செய்யிறவ எண்டு நினைக்கிறன்."

கையைத் தட்டுக்கு மேல் விரித்தார். "காணும்," என்றார். தீயணைப்புப் படைக்காரர் கைதட்டினார்கள்.

6. கடைசியாக

சாப்பாட்டுக் கடைகளில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். போடுவதற்கு யாரும் பழகலாம். சாப்பிடுகிறவர் எப்படி மறிப்பார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள்.

என் ஆறு மாதம் முடிந்த அன்று ஃப்ராவ் ஹோல்ஷர் கதவைப் பூட்டிவிட்டு என்னைக் கதிரையில் இருத்தினார். தானே தேநீர் ஊற்றி, ஒரு ஸ்கோன் வைத்தார். சாப்பிட்டேன். கேட்காமலே இன்னொன்று வைத்தார். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் ஒரு ஜேர்மன்காரர் எனக்கு இரண்டாம் தரம் கேட்காமல் போட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையைத் தூக்க மனம் வரவில்லை. மூன்றாவதையும் சாப்பிட்டேன். நான்காவதும் வந்தது.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வியர்வை.

"ஹெர் நாதன், வேலை உங்களுக்குத்தான், நிரந்தரம். தயவுசெய்து கையை வையுங்கோ. எனக்கு நிப்பாட்டத் தெரியேல்லை."