தங்கைக்குப் பார்த்த வீடு

வீடு வாங்க வருகிறவர்கள் அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று தெரிந்தால், விற்கிறவருக்கு முதல் நாளே தூக்கம் போய்விடும். தரகர்கள் அவருக்கு வைத்த பெயர் விரிசல்காரர். முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் விரிசல்காரர். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தோளில் ஒரு துணிப்பை. அதில் ரசமட்டம், தூக்குக்குண்டு, டார்ச், ஸ்க்ரூடிரைவர், ஒரு கோலிக்குண்டு. உள்ளே நுழைந்ததும் கோலிக்குண்டைத் தரையில் வைப்பார். அது எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கம் வீட்டுக்காரர் முகமும் சரியும். பிறகு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொல்வார். காலண்டரைத் தூக்கிப் பார்ப்பார். பீரோவை நகர்த்தச் சொல்வார்.

"வீடு பாக்கணும்னா மழை பெஞ்ச மறுநாள் போங்க. வெயில்ல எல்லா வீடும் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் நிக்கும்" என்பார். "ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடிச்சிருந்தா அந்தச் சுவர்லதான் விஷயம் இருக்கு. பிடிச்சிருக்குன்னு முகத்துல காட்டிடாதீங்க. நீங்க ஒரு தடவை சிரிச்சா விலை ஒரு படி ஏறும்."

விற்கிறவர்கள் வந்து கேட்டாலும் சொல்லுவார். "குறையை நீங்களே முதல்ல சொல்லிடுங்க. நீங்க சொன்னா அது ரிப்பேர். அவங்க கண்டுபிடிச்சா அது மோசடி. வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்கிற காசை மிச்சம் பண்ணிட்டு, சொட்டுற குழாயையும் கிறீச்சுனு கத்துற கேட்டையும் சரி பண்ணுங்க."

அவர் பேச்சைக் கேட்டு நட்டப்பட்டவர் யாரும் இல்லை என்று ஊரில் சொல்லுவார்கள். ஒருத்தியைத் தவிர என்று அவர் மனசுக்குள் திருத்திக்கொள்வார். அது பிற்காலத்தில்.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. அவருக்குப் பதினாறு வயது இருக்கும்போது அப்பா ஒரு வீடு வாங்கினார். பார்க்க லட்சணமான வீடு. மண்ணை நிரப்பி மூடிய குளத்தின்மேல் கட்டியது என்பது மூன்றாவது மழைக்குத்தான் தெரிந்தது. கூடத்துத் தரை ஒரு மூலையில் இறங்கி, கதவுகள் மூட மறுத்தன. கடைசியில் மனை விலைக்குக்கூடப் போகவில்லை. அப்பா அதற்குப் பிறகு எந்த விஷயத்திலும் வாயைத் திறந்து இது வேண்டும், அது வேண்டாம் என்று சொன்னதில்லை. படிப்பை விட்டுக் கொத்தனார் வேலைக்குப் போனவர் விரிசல்காரர். சூடு கண்ட பூனை. மேஸ்திரியாகி, பிறகு வீடு பார்த்துச் சொல்வதையே தொழிலாக்கிக்கொண்டார்.

அவருக்கு ஒரே தங்கை. பத்து வயது இளையவள். ஒரு கிளினிக்கில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாதவர். இரண்டு பெண் குழந்தைகள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, வங்கியில் கடனுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு, ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒரு வீடு பாத்திருக்கோம். நீ வந்து ஒரு பார்வை பாத்துடு."

அவர்கள் வாடகைக்கு இருந்ததற்குப் பக்கத்துத் தெருவில் சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட இடம். கிழக்குப் பக்கம் அகலமான ஜன்னல். தங்கை உள்ளே போனதும் நேராக ஜன்னலுக்குப் போய் நின்றாள். கையால் காற்றில் அளந்தாள்.

"இங்க தையல் மெஷினைப் போட்டுடலாம்ணா. சின்னவளுக்கு இந்தப் பக்கம் மேஜை. லைட்டே போட வேணாம் பாரு."

வாங்குகிறவர் முகத்தில் சந்தோஷம் தெரியக்கூடாது என்று அண்ணன் கண்ணாலேயே அதட்டினார். அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

சமையலறையின் பின்சுவரில் ஒரு விரிசலைப் பார்த்தார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீழே இறங்கியிருந்தது. நகம் நுழையும் அகலம். நேராக இருக்கும் விரிசல் பூச்சு காய்ந்ததால் வருவது. சாய்ந்து இறங்குவதில்தான் அஸ்திவாரம் அசைகிறதோ என்ற சந்தேகம் வரும். வீட்டுக்காரர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். "அது பத்து வருஷமா அப்படியேதான் இருக்கு தம்பி. நான் ஒண்ணும் மறைக்கலை" என்றார்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே ஒரு சிறிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் சிமெண்டால் ஒட்டிவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலம் உடையாமல் நின்றால் விரிசல் பழையது, பயமில்லை. விரிசல்காரர் அன்றைக்கே கண்ணாடியை ஒட்டினார். தபால்காரரும் காத்திருப்பதாகச் சொன்னார்.

மூன்று வாரம் ஆனது. வேறொருவர் முன்பணத்தோடு வந்து நின்றார். தபால்காரர் நாணயமானவர். தங்கையைத் தேடி கிளினிக்குக்கே வந்து, "உங்களுக்குத்தாம்மா முதல் உரிமை. ரெண்டு நாள்ல சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அண்ணனுக்கு போன் செய்தாள்.

"கண்ணாடி உடைஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைண்ணா. நேத்துகூடப் போய்ப் பாத்தேன். அப்படியேதான் இருக்கு. மழையும் நாலு நாள் பெஞ்சுது."

வேறு யாராவது கேட்டிருந்தால், நாலு நாள் மழைக்கு நின்றிருக்கிறது, ரிப்பேர் செலவை விலையில் கழித்துக்கொண்டு வாங்குங்கள் என்று சொல்லியிருப்பார். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். கேட்டது தங்கை. மூடாத கதவுக்கு முன்னால் அப்பா நின்ற கோலம் கண்ணில் வந்தது.

"விட்டுடு" என்றார். "இது போனா ஆயிரம் வீடு. உனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை."

"சரிண்ணா. நீ சொன்னா சரிதான்."

ஆயிரம் வீடு என்றாரே, ஆறு வீடு பார்த்தார்கள். ஒன்றில் சுவரெல்லாம் ஓதம். ஒன்றில் சாக்கடை எதிரே. ஒன்றில் பத்திரத்தில் ஒரு சித்தப்பாவின் கையெழுத்து இல்லை. ஒன்றில் தண்ணீர் உப்பு. ஒவ்வொன்றிலும் அவர் சொன்ன குறை உண்மைதான். ஒரு குறையைக்கூட அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சம்பளம் படியேறிப் போனால், வீட்டு விலை லிஃப்டில் போனது. ஆறாவது வீட்டுக்குப் பிறகு தங்கை அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பெரியவள் படிப்புக்கும் பிறகு கல்யாணத்துக்கும் சேமிப்பில் கை வைத்தார்கள். வீட்டுப் பேச்சும் அதோடு நின்றது. ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு, பதினெட்டு வருஷத்தில் ஏழு வீடு. கடைசியாக வந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவருக்கு முழங்கால் தேய்ந்து, கீழே இறங்கினால் மேலே வர மனசு வராது. மேலே இருந்தால் கீழே போக மனசு வராது.

அப்போதுதான் ஓர் இளம் தம்பதி விரிசல்காரரைக் கூப்பிட்டார்கள். விலாசத்தைப் பார்த்தபோது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெருவே மாறியிருந்தது. இரண்டு பக்கமும் மாடிகள் எழும்பியிருந்தன. உள்ளே போனார், கோலிக்குண்டை வைத்தார். அது உருளாமல் நின்றது. நிமிர்ந்தார். கிழக்கு ஜன்னல். அதன் கீழே யாரோ ஒரு மேஜையைப் போட்டு, அதில் ஒரு தொட்டிச் செடியை வைத்திருந்தார்கள். காலை வெயில் மேஜைமேல் விழுந்து கிடந்தது.

நேராகச் சமையலறைக்குப் போனார். பின்சுவரில் ஐந்தாறு பூச்சு பெயிண்டுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு மேடு. ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்லச் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது, பச்சை உதிர்ந்தது, பிறகு கண்ணாடி. டார்ச்சை அடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தார். மயிரிழை கீறல்கூட இல்லை.

வீட்டுக்கார அம்மாள் பின்னால் வந்து நின்றார். அன்றைக்கு முன்பணத்தோடு வந்து நின்றவரின் மனைவி. "அது என்ன எழவோ தெரியலைங்க. நாங்க வாங்கினப்பவே இருந்துது. எடுத்தா பூச்சு பேந்துடுமேன்னு மேலயே பெயிண்ட் அடிச்சுட்டோம். இந்த வீட்லதான் மூணு பிள்ளைங்களும் படிச்சு வேலைக்குப் போச்சு. இப்ப பெரியவன் கூட வந்து இருக்கச் சொல்றான், அதான் விக்கிறோம்" என்றார்.

"நல்லா இருங்கம்மா" என்றார் விரிசல்காரர். அதைச் சொல்லும் சந்தர்ப்பமா அது என்று அந்த அம்மாள் விழித்தார்.

வெளியே வந்ததும் தம்பதி கேட்டார்கள். "என்ன சார், வாங்கலாமா?"

"வாங்கலாம். ஒயரிங் மட்டும் பழசு, மாத்தணும். அந்தச் செலவை விலையில கேட்டுக் குறைச்சுக்கங்க. மொட்டைமாடியில தண்ணி போற ஓட்டையை வருஷத்துக்கு ரெண்டு தடவை கைவிட்டு சுத்தம் பண்ணுங்க. வேற ஒண்ணும் இல்லை."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விரிசல்காரர் இவ்வளவு சுலபமாக வாங்கலாம் என்று சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. அந்தப் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், தப்பா நினைக்காதீங்க. அவங்க உங்களுக்கு ஏதாவது குடுத்தாங்களா?"

வேறு நாளாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். அன்றைக்குக் கோபம் வரவில்லை. "இந்த வீட்டைப் பதினெட்டு வருஷம் சோதிச்சாச்சு தம்பி. அவ்வளவு சோதனை வேற எந்த வீட்டுக்கும் நடந்திருக்காது" என்றார். அவர்கள் கொடுத்த கூலியையும் வாங்கவில்லை. அதனால் அவர்கள் சந்தேகம் இன்னும் கூடியது. அது வேறு விஷயம்.

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். மூன்று மாடி. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை உள்ளே படுத்திருந்தார். தங்கை டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தத் தபால்காரர் வீடு" என்று ஆரம்பித்தார். "இன்னைக்குப் போயிருந்தேன்மா. கண்ணாடி உடையலை."

"தெரியும்ணா" என்றாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சின்னவ எட்டாவது படிக்கிறப்ப அந்த வழியாப் போனேன். தண்ணி குடுங்கன்னு கேட்டுட்டு உள்ள போனேன். கண்ணாடியைத் தொட்டுப் பாத்துட்டு வந்துட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"கோவம். ரெண்டு வருஷம் நீ போன் பண்ணா எடுக்காம இருந்தேனே, நினைவிருக்கா? கிளினிக்ல வேலை ஜாஸ்தின்னு சொன்னேன். நீயும் நம்பிட்டே."

அவருக்கு நினைவிருந்தது. வேலை அதிகம் என்றுதான் நினைத்தார். சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொள்ளலா கெட்டியா என்று சொல்கிறவர், கூடப் பிறந்தவள் குரலில் இருந்ததைக் கேட்கவில்லை.

"நான் வேணாம்னு சொன்னது தப்பும்மா" என்றார். இவ்வளவு வயதுக்கு அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை.

"நீ மட்டுமா? எனக்குப் பிடிச்சிருக்கு, நான் வாங்கறேன்னு நானும் ஒரு வார்த்தை சொல்லலையே. அண்ணன் மேல பழியைப் போட்டுட்டா எனக்கும் சௌகரியமா இருந்துது." முந்தானையால் டம்ளரின் அடியைத் துடைத்தாள். "ஆறினதை ஏன் கிளறுறே, டீயைக் குடி."

தன்னிடம் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, ஒரு சின்ன வீடாகப் பார்க்கலாமா என்று கேட்டார். எவ்வளவு என்று கேட்டாள். சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். கேலியாகச் சிரிக்கவில்லை, ஆனாலும் சிரித்தாள். "இன்னைக்கு விலைக்கு அதுல வாசக்கதவு வரும்ணா. தாழ்ப்பாள் தனி." உள்ளே படுத்திருந்த மாப்பிள்ளையும் சிரிப்பது கேட்டது. அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு வாடகை வீடு கிடைத்தால் மாப்பிள்ளையின் முழங்காலுக்கு நல்லது என்று மட்டும் பேசி முடித்தார்கள். அடுத்த மாதம் ஒன்று அகப்பட்டது. பார்க்கப் போகும்போது தங்கை கண்டிப்பாகச் சொன்னாள்: "நீ வா. ஆனா பையை எடுத்துட்டு வராதே. வாயையும் திறக்காதே."

அப்படியே வெறுங்கையோடு போனார். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தங்கை அறை அறையாகப் போய்ப் பார்த்தாள். மாப்பிள்ளை வாசலில் இருந்த ஒற்றைப் படியை ஏறி இறங்கி, மறுபடி ஏறி, தலையை ஆட்டினார். குளியலறைத் தரை வாட்டம் தவறாக இருப்பதை விரிசல்காரர் வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டார். தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாது, கதவுப் பக்கம் வரும். நாக்கு நுனிவரை வந்தது.

"பிடிச்சிருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"ம்" என்றாள். முன்பணம் கொடுத்தார்கள்.

இப்போது அவர் போகும்போதெல்லாம் தங்கை துடைப்பத்தால் குளியலறைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருப்பாள். "இந்த எழவு தரையை எவன் போட்டானோ" என்று திட்டுவாள். ஒரு மூட்டை சிமெண்ட் போதும், அரை நாள் வேலை. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுத் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். வருகிற மாதம் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். முதல் நாளே பார்த்துவிட்டேன் என்பதை மட்டும் அவர் தங்கையிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டுமா, சொல்லாமல் இருந்தது சரியா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.