தொண்டியில் நான் அராவிய கத்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் பின்பாதியில் நான் தொண்டியில் விஞ்ஞான வாத்தியார். எஃகைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் கடினப்படும் என்று வருஷம் தவறாமல் பாடம் நடத்துவேன். நான் காய்ச்சியதும் கிடையாது, தோய்த்ததும் கிடையாது. இந்த லட்சணத்தில்தான் ஒரு கத்தி செய்யக் கிளம்பினேன்.

காரணம் என் மாமனார். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் விவசாயம். கலப்பை உடைந்தால் தானே செதுக்கிக்கொள்கிற ஆள். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆடுகிற கதவையோ தொய்ந்த கயிற்றுக் கட்டிலையோ சரிசெய்துவிட்டு, "மாப்ளைக்கு எழுத்து வேல, பாவம்" என்று மகளிடம் சொல்வார். அந்தப் 'பாவம்' எனக்கு எரியும். என் மனைவிக்குச் சிரிப்பை அடக்கவும் தெரியாது. அந்த மனிதர் வாயால் ஒரே ஒரு தடவை 'நல்லா இருக்கு' என்று கேட்டுவிட வேண்டும். அதற்குத்தான் கத்தி.

பள்ளிக்கூடத்துக் கைத்தொழில் வாத்தியார் கழித்துப்போட்ட, தேய்ந்த அரம் ஒன்று கிடைத்தது. கருவேலங்கரியில் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஆறவிட்டால் இரும்பு இளகி அராவ வரும் என்றார். துருத்திக்கு எங்கே போவது? அடுப்பங்கரை ஊதுகுழல்தான். ஊதிய ஊதலில் மறுநாள் ஆஜர் எடுக்கவே மூச்சு போதவில்லை. அப்புறம் ஒரு மாதம், சாயங்காலம் தோறும், புது அரத்தால் பழைய அரத்தை அராவினேன். பக்கத்து வீட்டு மரைக்காயர் மஃரிபு தொழுதுவிட்டு வரும்போது நின்று, பல் கூசுகிறது என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒருவழியாக அது கத்தி போலத் தெரிந்தது. இனி மறுபடி காய்ச்சித் தோய்க்க வேண்டும். புத்தகம் 'நீர்' என்கிறது. எந்த நீர் என்று சொல்லவில்லை. எழுதியவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. எங்களுக்கு நீர் இரண்டு வகை. தூரத்து ஊருணியிலிருந்து குடத்தில் சுமந்து வருகிற நல்ல தண்ணீர் ஒன்று, வீட்டுக் கிணற்றில் கரிக்கிற உப்புத் தண்ணீர் ஒன்று. நல்ல தண்ணீரில் இரும்பை முக்கினால் என் மனைவி என்னை முக்கியிருப்பாள். வாளியில் உப்புத் தண்ணீரை இறைத்து அதில் விட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு மாத உழைப்பு குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. வாத்தியார் அழக்கூடாது என்பதால் வாளியை உதைத்தேன். கால் வீங்கிப்போனது.

இரண்டாவது அரம், இரண்டாவது மாதம். இந்த முறை எண்ணெயில் தோய்ப்பது என்று முடிவு. நல்லெண்ணெய்க்கு வீட்டில் அனுமதி இல்லை. வள்ளத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயில் ஒரு டின் வாங்கி வந்தேன். சிவந்த இரும்பை அதில் முக்கியதும் கிளம்பிய புகையில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. ஒரு வாரத்துக்கு என் வகுப்பில் முதல் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஆனால் கத்தி விரிசல் விடவில்லை. அடுப்புச் சூட்டில் லேசாக வாட்டி, கல்லில் தீட்டி, பூவரசங்கட்டையில் பிடி போட்டேன். பெற்ற பிள்ளையைக்கூட நான் அத்தனை தடவை எடுத்துப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். கத்தியை அவரிடம் நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கீழ வைங்க மாப்ள, எடுத்துக்கிறேன்."

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம். இரண்டு மாதம் பாடுபட்டதைத் தரையில் போடுவதா? இரும்புக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று விஞ்ஞானம் பேசினேன். அவர், தன் அண்ணன் அரிவாளைக் கையில் கொடுத்து, அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோன கதையைச் சொன்னார். அது பாகப்பிரிவினையால் நின்றது, அரிவாளால் அல்ல என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். கத்தி கைமாறவே இல்லை. சண்டை மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு என் மனைவி வந்தாள். சாப்பிடாமல் யாரும் எங்கேயும் போகக்கூடாது என்று அவருக்கும், அதைக் கீழே வைக்கச் சொல்லி எனக்கும் உத்தரவு போட்டாள். வைத்தேன். எடுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் சீலா மீனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். அவள் அறிந்தவரை அரிவாள்மனை அசையாது, மீன்தான் நகரும். அதனால் கூர் மேலே பார்க்கும்படி கத்தியைத் தரையில் நிறுத்தி, நான் பட்டுப்போல் இழைத்த பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு, மீனை அதன்மேல் வைத்து இழுத்தாள். துண்டு துண்டாக, சுத்தமாக விழுந்தது.

மாமனார் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அவள் கழுவி வைத்ததும் எடுத்து, கட்டைவிரல் நகத்தில் கூர் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அருவாமனை நல்லா வந்திருக்கு மாப்ள. பலகதான் இல்ல."

அது கத்தி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் முதல் தடவையாக, கேலி இல்லை.

"பலகைக்குச் சொல்லி வச்சிருக்கேன் மாமா" என்றேன்.