நடுவில் மங்கிய நாலு எழுத்து

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் எடைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக எடை பார்க்கும் ஒரே இயந்திரத்தோடு மாரடித்தவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? டி.என்.ஏ இழையின் சிறு துண்டு ஒன்றை மின்னேற்றி அதற்குள் அனுப்புவாள். உள்ளே வாயுவில் மோதி அது நொறுங்கும். நொறுங்கியவற்றின் எடைகளை ஏறுவரிசையில் அடுக்கினால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் அந்த இழையின் ஓர் எழுத்தைச் சொல்லிவிடும். இப்படி இரண்டு முனையிலிருந்தும் எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டே நடுவுக்கு வருவாள்.

நடுவில்தான் வம்பு. சில நாள் அங்கே எல்லாம் மங்கலாகவே விழும். மொத்த எடை சரியாக இருந்தால், மங்கிய இடத்தை நோயில்லாதவர்களின் வரிசையைப் பார்த்து நிரப்பிவிடுவது அந்தக் கூடத்து வழக்கம். சோம்பேறித்தனத்துக்கு வழக்கம் என்று பேர் வைத்துவிட்டால் அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள்?

அவள் தங்கைக்குப் பிறந்த ஆண் குழந்தை கைகால் உதைக்காமல் துவண்டு கிடந்தது. தசையை முடக்கும் பரம்பரை நோயாக இருக்கலாம், அதுவானால் மூன்று மாதத்துக்குள் மருந்தைத் தொடங்கியாக வேண்டும் என்றார் மருத்துவர். மாதிரி கூடத்துக்கு வந்ததும் எடைக்காரி வேறு யாரையும் அதைத் தொட விடவில்லை. மொத்த எடை அச்சுப் பிசகாமல் பொருந்தியதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடுவில் நாலு எழுத்து மங்கல். வழக்கப்படி நிரப்பி, நோய் இல்லை என்று கையெழுத்துப் போட்டாள்.

ஏழு மாதமாகியும் பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை. மனசு கேட்காமல், மிச்சமிருந்த மாதிரியை எடுத்து, மோதும் வேகத்தைக் கூட்டி மறுபடி உடைத்தாள். இந்த முறை நடு பளிச்சென்று தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தன. இடம் மாறினால் மொத்த எடை மாறாது என்பது அவளுக்கா தெரியாது! பாவி, நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்ற ஆசையில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி தங்கை கதவைத் திறந்தாள்.

"வாக்கா. இவரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு ஒரே நச்சரிப்பு. எங்கக்காவே பாத்துச் சொல்லிட்டா, அதுக்கு மேல யாரு சொல்லணும்னு வாயை அடைச்சுட்டேன்."

"தப்பாப் படிச்சுட்டேன்டி," என்றாள் எடைக்காரி. "இவனுக்கு அந்த நோய்தான்."

தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இப்ப மருந்து குடுத்தா தலை நிக்குமா?"

"டாக்டரைத்தான் கேக்கணும்."

"நீ சொல்லுக்கா."

"உயிரோட இருப்பான். எழுந்து நடக்கறதெல்லாம்... கஷ்டம்டி. இதுவரைக்கும் போனது போனதுதான்."

பிள்ளையின் தலை தோளிலிருந்து சரிந்தது. பெரியம்மா பதறிப்போய்க் கையை நீட்டினாள். தங்கை ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"இனிமே இவனைத் தொடாத."